அப்சால்வ் என்று எழுதி மாட்டிக்கொண்டேன்: பழி நீக்கும் ஆங்கிலச் சொற்கள்

கோப்புக்காரன்:
விஷயம் சின்னதுதான், ஆனால் நான்கு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போய்விட்டது. கணக்குப் பிரிவில் இருக்கும் ஓர் அம்மா மேல் சந்தேகம் விழுந்தது. மூன்று வாரம் விசாரணை. கடைசியில் பார்த்தால், இணைப்பு பாதியில் அறுந்ததால் மென்பொருளே அந்தக் கோப்பை மறுபடி அனுப்பியிருக்கிறது, அதுவும் அந்த அம்மா விடுப்பில் இருந்த நாளில். விசாரணை முடிந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், எழுதும் வேலை என் தலையில். கொஞ்சம் கம்பீரமாக இருக்கட்டுமே என்று, ‘இந்தச் சம்பவத்துக்கான பொறுப்பிலிருந்து நீங்கள் அப்சால்வ் செய்யப்படுகிறீர்கள்’ என்று வருகிற மாதிரி ஒரு வாக்கியம் போட்டேன்.

மறுநாள் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். “தம்பி, நான் செய்யாத தப்புக்கு நீங்க எதுக்கு பாவமன்னிப்பு கொடுக்கறீங்க?” என்றார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது.

அகராதியைத் திறந்தால் அப்சால்வ் என்பது எக்ஸானரேட்டைக் கைகாட்டுகிறது, எக்ஸானரேட்டுக்குப் போனால் அது திரும்ப அப்சால்வைக் கைகாட்டுகிறது. இவற்றுக்குள் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, இல்லை அந்த அம்மா கொஞ்சம் அதிகமாக எடுத்துக்கொண்டாரா?

ஒருவரிப்பதில்:
கிளியர் என்று எழுதியிருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

மெய்ப்புத்தாள்:
அந்த அம்மா அதிகமாக எடுத்துக்கொள்ளவில்லை. காது கூர்மையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தச் சொற்களைப் பிரிக்க நான் வைத்திருக்கும் வழி ரொம்பச் சாதாரணமானது. வாக்கியத்தை எழுதி முடித்ததும் பக்கத்தில் ‘அப்படியென்றால் அவர் செய்தாரா இல்லையா?’ என்று கேட்டுப் பாருங்கள். எக்ஸானரேட் போட்ட இடத்தில் ‘செய்யவில்லை’ என்று பளிச்சென்று பதில் வரும். அப்சால்வ் போட்ட இடத்தில் பதில் நழுவும். செய்யாமலும் இருந்திருக்கலாம், செய்தும் இருந்திருக்கலாம், எப்படியானாலும் இனி அது அவர் கணக்கில் இல்லை என்றுதான் அந்தச் சொல் சொல்கிறது. உங்கள் கடிதத்தில் உறுத்துவது இந்த நழுவல்தான்.

வேரைப் பார்த்தால் இன்னும் புரியும். எக்ஸானரேட்டுக்குள் இருப்பது ஓனஸ் என்ற லத்தீன் சொல், சுமை என்று பொருள். சுமையை இறக்கிவிடுவதுதான் எக்ஸானரேட். ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் கப்பலிலிருந்து சரக்கு இறக்குவதற்கே இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அப்சால்வுக்குள் இருப்பது சால்வெரே, அவிழ்ப்பது. கட்டை அவிழ்த்துவிடுவது. கட்டு நியாயமாகப் போட்டதா அநியாயமாகப் போட்டதா என்ற கேள்விக்குள் அவிழ்ப்பவர் போவதில்லை. கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் சொல்வது ‘எகோ தே அப்சால்வோ’, நான் உன்னை விடுவிக்கிறேன். அங்கே எதிரில் மண்டியிட்டிருப்பவர் தப்பைத் தன் வாயால் ஒப்புக்கொண்டவர். அந்த வாசனை சொல்லோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது.

வாய்தா:
முழுதும் மத வாசனை என்று தள்ளிவிடாதீர்கள். அப்சால்வ் முதலில் நீதிமன்றச் சொல்தான். ரோமக் குடியரசுக் காலத்தில் நடுவர் கையில் மெழுகு பூசிய ஒரு சின்னப் பலகை இருக்கும், ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் சி. ஏ என்றால் அப்சால்வோ, சி என்றால் கொண்டெம்னோ. ஒன்றை அழித்துவிட்டு மற்றதை விட்டுவைத்து ஜாடிக்குள் போட வேண்டும். எதுவும் விளங்கவில்லை என்று சொல்ல ‘நோன் லிக்வெட்’ என்று மூன்றாவது வழியும் உண்டு. திருச்சபை இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது அதற்கு அப்புறம்தான். இன்றைக்கும் ஆங்கிலப் பத்திரிகையில் விபத்து விசாரணை அறிக்கை விமானியைப் பொறுப்பிலிருந்து அப்சால்வ் செய்தது என்று எழுதினால் யாரும் புருவத்தைத் தூக்க மாட்டார்கள். கோப்புக்காரன் எழுதியது இலக்கணப் பிழை இல்லை. ஆளும் சூழலும்தான் தப்பாக அமைந்துவிட்டன.

நீதிமன்ற வாசலில் நிற்கிற ஆள் என்பதால் அக்விட், அதாவது வழக்கிலிருந்து விடுவிப்பது, பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதைத்தான் எல்லாரும் அதிகமாகக் குழப்புகிறார்கள். அக்விட் ஆவதற்கு முதலில் ஒரு குற்றச்சாட்டு, ஒரு வழக்கு, ஒரு தீர்ப்பு வேண்டும். தீர்ப்பு சொல்வதும் ‘இவர் நிரபராதி’ என்று இல்லை, ‘குற்றம் நிரூபிக்கப்படவில்லை’ என்று. அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ. ஜே. சிம்ப்சன் 1995 இல் கொலை வழக்கில் அக்விட் ஆனார். அதே சாவுகளுக்காக 1997 இல் உரிமையியல் வழக்கில் அவர்தான் பொறுப்பு என்று நடுவர் குழு சொன்னது, மொத்தம் 3.35 கோடி டாலர் கட்டச் சொன்னது. இரண்டு தீர்ப்பும் ஒன்றோடொன்று முரண்படுவதாகச் சட்டம் நினைப்பதில்லை. முதலாவதில் நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சக் கூடாது, இரண்டாவதில் எந்தப் பக்கம் தட்டு இறங்குகிறது என்று பார்த்தால் போதும். அவரை அக்விட்டட் என்று எழுதலாம். எக்ஸானரேட்டட் என்று எழுதினால் நீங்களாக ஒரு தீர்ப்புக் கொடுக்கிறீர்கள்.

எதிர்ப்பக்கத்துக்கு ரிச்சர்ட் ஜூவல். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது பூங்காவில் வெடிகுண்டுப் பையை முதலில் கவனித்த பாதுகாப்புக் காவலர். சில நாளில் அவரே சந்தேக நபர் என்று செய்தி பரவி, வீட்டு வாசலில் கேமராக்கள் குவிந்தன. அக்டோபரில் அரசு வழக்கறிஞர் ‘இவர் இனி விசாரணைக்குரியவர் அல்ல’ என்று கடிதம் கொடுத்தார். ஜூவல் மேல் வழக்கே போடவில்லை, அதனால் அவரை யாராலும் அக்விட் செய்ய முடியாது. கிளியர் செய்யலாம், எக்ஸானரேட் செய்யலாம். பின்னால் வேறொருவர், எரிக் ருடால்ஃப், 2005 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

கோப்புக்காரன்:
அப்படியானால் என் கடிதத்தில் அக்விட் போட்டிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும்.

வாய்தா:
ரொம்ப மோசம். ஆதாரம் பத்தாததால் விட்டுவிட்டோம் என்று படித்திருப்பார்.

ஒருவரிப்பதில்:
அக்விட் ஹிம்செல்ஃப் வெல் என்றால்?

மெய்ப்புத்தாள்:
நல்ல கேள்வி, ஒரு பழைய வலியைக் கிளறிவிட்டீர்கள். முதல் ஆட்டத்தில் அந்த இளைஞன் நன்றாக ஆடினான் என்பதற்கு ஆங்கிலத்தில் இப்படித்தான் சொல்வார்கள். நான் திருத்தக் கையில் வந்த ஒரு மொழிபெயர்ப்பில் ‘முதல் ஆட்டத்திலேயே அவன் தன்னை நன்கு விடுதலை செய்துகொண்டான்’ என்று இருந்தது. அரை மணி நேரம் சிரித்தேன், அப்புறம்தான் வேரைத் தேடினேன். அக்விட், க்விட், க்வயட், ரிக்வைட் எல்லாம் ஒரே குடும்பம், அமைதி, விடுபட்ட நிலை என்ற பொருளிலிருந்து வந்தவை. அக்விட் முதலில் கடனைத் தீர்ப்பது. தன் கடமையைத் தீர்த்தான், தன் பங்கைச் சரியாகச் செய்தான் என்று அது ஆட்டக்காரனிடம் வந்து சேர்ந்தது. நீதிமன்றத்தில் கடன் தீர்ந்தவன், மைதானத்தில் கடமை தீர்த்தவன். நம் ‘செஞ்சோற்றுக் கடன்’ ஞாபகம் வருகிறது எனக்கு.

சலிப்பு:
எல்லாரும் வேரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். பேசுகிறவர்கள் வேர் பார்த்தா பேசுகிறார்கள்? பிரிட்டனில் தபால் நிலையம் நடத்தியவர்கள் ஹொரைசன் மென்பொருளின் கோளாறால் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்களே, 900 பேருக்கு மேல், அவர்களில் பெரும்பாலானவர்களுடைய தீர்ப்புகளை 2024 இல் சட்டம் போட்டு மொத்தமாக ரத்து செய்தார்கள். செய்திகளில் எக்ஸானரேட்டட், கிளியர்ட், க்வாஷ்ட் எல்லாம் ஒரே பத்தியில் மாறி மாறி வந்தன. படித்தவன் எவனும் குழம்பவில்லை.

வாய்தா:
குழம்பவில்லைதான், ஏனென்றால் அந்த வழக்கில் மூன்றும் ஒரே ஆள் மேல் வந்து விழுந்தன. ஆனால் கவனித்துப் பாருங்கள், க்வாஷ், அதாவது ரத்து, செய்யப்படுவது தீர்ப்பு, ஆள் இல்லை. ஓவர்டர்ன், வெக்கேட் இரண்டும் அப்படித்தான். எக்ஸானரேட் ஆவது ஆள். தீர்ப்பு க்வாஷ் ஆனபின்னும் அதே ஆள் மேல் மறுவிசாரணை நடக்கலாம், அமெரிக்காவில் சாதாரணமாக நடக்கும்.

வித்தியாசம் முக்கியம் இல்லை என்றால் 2019 இல் அமெரிக்க அதிபர் டிரம்ப் பற்றி விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் முல்லர் அவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார். டிரம்ப் நீதிக்கு இடையூறு செய்தாரா என்ற விஷயத்தில் முல்லரின் அறிக்கை சொன்னது இதுதான்: அதிபர் குற்றம் செய்தார் என்ற முடிவுக்கு இந்த அறிக்கை வரவில்லை, அவரை எக்ஸானரேட் செய்யவும் இல்லை. டிரம்ப் தரப்பு ‘முழு எக்ஸானரேஷன்’ என்று கொண்டாடியது. ஒரே சொல்லைச் சுற்றி ஒரு நாடே சண்டை போட்டது. அடுத்த வருஷம் செனட் பதவிநீக்க விசாரணையில் டிரம்பை அக்விட் செய்தது. அதை அவர் கட்சிக்காரர்கள் எக்ஸானரேஷன் என்றார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் வெறும் ஓட்டு எண்ணிக்கை என்றார்கள். யார் எந்தச் சொல்லை எடுக்கிறார்கள் என்பதை வைத்தே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

சலிப்பு:
சரி, இது செல்லும்.

கூடவே ஒன்று. அமெரிக்க நீதிமன்றத் தாள்களில் ‘பெயில் எக்ஸானரேட்டட்’ என்று பார்த்திருக்கிறேன், ஆள் குற்றவாளி என்று தீர்ப்பான வழக்கிலேயே. அது என்ன கூத்து?

வாய்தா:
கூத்து இல்லை, மெய்ப்புத்தாள் சொன்ன பழைய சுமை அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பிணை கொடுத்தவருக்கு அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும் பொறுப்பு இருந்தது, வழக்கு முடிந்ததும் அந்தச் சுமை இறங்குகிறது. எக்ஸானரேட் ஆனது பிணை. ஆள் சிறைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

அகல்விளக்கு:
பார்டன் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு இந்தக் கூட்டத்திலேயே பிடிக்காத சொல் அதுதான். மன்னிப்பு என்று வரும்போதே, குற்றம் உன்னுடையது என்று முத்திரை குத்திவிட்டுத்தான் வருகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1915 இல் பர்டிக் வழக்கில் ஏறக்குறைய இதையே சொன்னது, மன்னிப்பு என்பதில் குற்றம் சாட்டும் தொனி இருக்கிறது, ஏற்பது ஒப்புக்கொள்வது போல என்று. 1974 இல் முன்னாள் அதிபர் நிக்சனை மன்னித்த அதிபர் ஃபோர்டு அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியைப் பர்ஸுக்குள்ளேயே வைத்திருந்தாராம்.

டிரைஃபஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ராணுவ அதிகாரி, 1894 இல் உளவு பார்த்தார் என்று பொய்யாகத் தண்டித்துத் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள். 1899 இல் மறுவிசாரணை, மறுபடி குற்றவாளி என்றார்கள். பத்தே நாளில் அதிபர் மன்னிப்பு கொடுத்தார். வாங்கிக்கொள்ளலாமா கூடாதா என்று அவருக்காகப் போராடியவர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். வாங்கினால் உயிர் மிஞ்சும், ஆனால் துரோகி என்ற பெயர் அப்படியே இருக்கும். உடம்பு தாங்காத நிலையில் வாங்கிக்கொண்டார், கூடவே என் பெயருக்காகத் தொடர்ந்து போராடுவேன் என்றும் சொன்னார். 1906 இல்தான் பிரான்சின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 1899 இல் நடந்தது பார்டன், 1906 இல் நடந்தது எக்ஸானரேஷன். நடுவில் ஏழு வருஷம். இரண்டும் ஒன்று என்று அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

மெய்ப்புத்தாள்:
பிரிட்டிஷ் கணித மேதை ஆலன் டூரிங் விஷயத்தில் எனக்கு இன்னும் தெளிவு வரவில்லை. 1952 இல் ஓரினச்சேர்க்கைக்காகத் தண்டித்தார்கள், 2013 இல் அரச மன்னிப்பு கொடுத்தார்கள். ‘என்ன தப்பு செய்தார் மன்னிப்பதற்கு?’ என்று பலர் கேட்டார்கள், நியாயமான கேள்வி. ஆனால் எக்ஸானரேட் என்றும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அன்றைய சட்டம் குற்றம் என்று சொன்னதை அவர் செய்யத்தான் செய்தார். தப்பு சட்டத்தில். ஆளை இறக்கி வைக்கச் சொல் இருக்கிறது, சட்டம் தலைகுனியச் சொல் இல்லை.

அகல்விளக்கு:
2009 இல் பிரதமர் பிரவுன் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தாரே, எனக்கு அதுதான் சரியான இடம் என்று படுகிறது. மன்னிப்பு கேட்க வேண்டியவன் மன்னிப்பு கொடுக்கக் கூடாது.

வாய்தா:
விண்டிகேட் விட்டுப்போகிறது. அதற்கு ஒரே வழக்கைக் காட்டினால் போதும், ஆஸ்திரேலியாவின் லிண்டி சேம்பர்லைன். 1980 ஆகஸ்டில் உலுரு பாறை அருகே கூடாரத்திலிருந்து ஒன்பது வாரக் குழந்தையை டிங்கோ என்ற காட்டு நாய் தூக்கிப்போய்விட்டது என்றார் தாய். முதல் மரண விசாரணை அதை ஏற்றது. பிறகு அந்த முடிவைத் தள்ளிவிட்டு வழக்குப் போட்டு, 1982 இல் தாய்தான் கொன்றார் என்று ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். காரில் குழந்தையின் ரத்தம் என்று சொன்னது பெரும்பாலும் ஒலி தடுக்கத் தொழிற்சாலையில் தெளித்த பூச்சு என்று பின்னால் தெரிந்தது. குழந்தை மேல்சட்டை போட்டிருந்தது என்று தாய் சொல்லிக்கொண்டே இருந்தார், யாரும் நம்பவில்லை. 1986 இல் அந்தச் சட்டை நாய்கள் திரியும் இடத்தில் கிடைத்தது, அவரை வெளியே விட்டார்கள்.

இனிச் சொற்களை வரிசையாகப் பாருங்கள். 1986 இல் ரிலீஸ், அவ்வளவுதான், குற்றவாளி என்ற பெயர் அப்படியே. 1987 இல் பார்டன், செய்யாத கொலைக்கு மன்னிப்பு. 1988 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைக் க்வாஷ் செய்தது, எக்ஸானரேட் ஆனார். 2012 இல் மரண விசாரணை அதிகாரி டிங்கோதான் காரணம் என்று பதிவு செய்து இறப்புச் சான்றிதழ் கொடுக்கச் செய்தார். அன்றைக்குத்தான் விண்டிகேட் ஆனார். எக்ஸானரேட் என்றால் நீ செய்யவில்லை. விண்டிகேட் என்றால் முதல் நாளிலிருந்து நீ சொன்னதுதான் சரி, நாங்கள்தான் கேட்கவில்லை. 32 வருஷம் எடுத்தது.

மெய்ப்புத்தாள்:
பிரமாதம். விண்டிகேட்டுக்கு ஆள்கூடத் தேவையில்லை. ஒரு கருத்து, ஒரு கொள்கை, ஒரு முடிவு எல்லாம் விண்டிகேட் ஆகும். மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் 1792 இல் பெண்ணின் உரிமைகளுக்கு எழுதிய நூலின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது, அங்கே யார் மேலும் வழக்கு இல்லை. வேரில் உரிமை கோருதல், பழிவாங்குதல் இரண்டும் உண்டு. வெஞ்சன்ஸ், விண்டிக்டிவ் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள். அதனால்தான் விண்டிகேட்டட் என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது குரலில் ஒரு சின்ன ‘பார்த்தாயா’ இருக்கும்.

நமக்குக் கண்ணகி இருக்கும்போது வேர்ச்சொல் எதற்கு? கோவலன் ஏற்கனவே செத்துவிட்டான், அவனை அக்விட் செய்ய முடியாது. மன்னிப்பு கொடுக்கவும் ஆள் இல்லை. சிலம்பை உடைக்கிறாள், முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது. அது விண்டிகேஷன். அப்புறம் அவள் ஊருக்குச் செய்ததுதான் அந்தப் பக்கத்து வீட்டுச் சொல்.

சலிப்பு:
இதற்காகவே இந்த இழையை விடாமல் படிக்கிறேன்.

ஒருவரிப்பதில்:
எக்ஸ்கல்பேட்?

வாய்தா:
குல்பா என்றால் குற்றம், அதிலிருந்து வெளியே எடுப்பது. எக்ஸ்கல்பேட் ஆளோடு வருவது குறைவு, ஆதாரத்தோடுதான் திரியும், எக்ஸ்கல்பேட்டரி எவிடன்ஸ். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான முக்கிய ஆதாரத்தை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1963 இல் பிரேடி வழக்கில் தீர்ப்பு வந்தது. கன்டோன், எக்ஸ்கியூஸ் இரண்டும் இந்தக் கூட்டத்திலேயே இல்லை, தப்பைக் கண்டும் காணாமல் விடுவதும் பொறுத்துப்போவதும் வேறு வகை. லெட் ஆஃப் பற்றிக் கேட்காதீர்கள், ‘தப்பிச்சுட்டான்யா’ என்பதுதான்.

அகல்விளக்கு:
தமிழில் நாம் என்ன செய்கிறோம் என்று யோசித்தேன். எல்லாவற்றுக்கும் ‘விடுதலை’ என்று ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறோம். தண்டனை முடிந்து வந்தாலும் விடுதலை, ஜாமீனில் வந்தாலும் பேச்சில் விடுதலை, ஆதாரம் இல்லாமல் போனாலும் விடுதலை, செய்யவே இல்லை என்று தெரிந்தாலும் விடுதலை. ‘நிரபராதி என்று நிரூபணம்’ என்று எழுத இடம் இல்லையோ என்னவோ. பழி நீங்கியது, களங்கம் துடைக்கப்பட்டது என்றெல்லாம் கையில் இருக்கிறது, எடுப்பதில்லை. எக்ஸானரேட்டுக்கு நான் ‘பழி நீங்கினார்’ என்றே எழுதுகிறேன். பழியும் ஒரு சுமைதான், நாமும் அதைச் சுமக்கிறோம் என்றுதானே சொல்கிறோம்.

கோப்புக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. எக்ஸானரேட் போடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் செயப்பாட்டு வினை பல்லை இளித்தது, நீங்கள் எக்ஸானரேட் செய்யப்படுகிறீர்கள் என்று நாங்கள் ஏதோ மேடையில் நின்று அருள் பாலிப்பதுபோல. கடைசியில் பெரிய சொல் எதுவுமே இல்லாமல், ‘இரண்டாவது பணப் பரிமாற்றத்தை மென்பொருள் செய்தது. அன்று நீங்கள் விடுப்பில் இருந்தீர்கள். உங்கள் தரப்பில் எந்தத் தவறும் நடக்கவில்லை. விசாரணையின் தொடக்கத்திலேயே நீங்கள் சொன்னது சரி’ என்று நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதினேன். கடைசி வரி வாய்தா அவர்களால் வந்தது.

அந்த அம்மா நின்றபடியே படித்தார். “இது சரி” என்றார். அப்புறம், “என்னை விசாரிக்கறாங்கன்னு ஒரு மெயில் போச்சே, அது போன எல்லாருக்கும் இதுவும் போச்சா?” என்று கேட்டார்.

போகவில்லை. இப்போது அந்தப் பழைய மெயிலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒருவரிப்பதில்:
பிசிசியில் போடாதீர்கள், சிசியில் போடுங்கள். யார் யாருக்குப் போனது என்று அவரும் பார்க்கட்டும்.